பின்னாலிருந்து ஒரு சத்தம்

சுரங்கம் என்று பெயர்தான் பெரிது, உள்ளே நுழைந்து நாலு மூச்சு விடுவதற்குள் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் இருட்டு இருட்டுதான். தெக்லா ஒரு கையால் ஈரச் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையால் மக்ரூன் டப்பா இருந்த பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். முன்னால் தஸ்நேவிஸ் போய்க்கொண்டிருந்தார், வெளிச்சத்துக்கு எதிரே வெறும் கறுப்பு உருவமாக. இந்த முதுகைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆன பெண்ணுக்குப் புருஷனுடைய முதுகு புதுசாகத் தெரிவது வேடிக்கைதான், ஆனால் விஷயம் அப்படி. முகம் தெரியும். கப்பலை விட்டு வந்து ஆட்டோவில் இறங்கும்போது தெரிகிற முகம், வெயிலில் வெந்து, சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். முதுகு தெரிவது போகும்போதுதான், போகும்போது அவள் பார்ப்பதில்லை, அடுப்படியில் நிற்பாள். தூத்துக்குடியில் அவர்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். கப்பலுக்குப் போகிறவனை வாசல் வரை வந்து வழியனுப்புவதில்லை, அவன் படியிறங்கிய பிறகு பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். கடலுக்குப் போகிறவனுக்குக் காரியம் என்பதே உயிரோடு திரும்பி வருவதுதானே, அதைக் கெடுக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும். அப்படியே யாராவது மறந்து கூப்பிட்டுத் தொலைத்தால் போகிறவன் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தெக்லா ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அந்த விஷயத்தில் அவள் பேரில் தெருவே குறை சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. அப்புறம்தான் பள்ளம் தெரிந்தது. அவள் ஏதோ கிணறு மாதிரி, கறுப்பாக, ஒரு மூலையில் புகை வந்துகொண்டு இருக்கும் என்று நினைத்திருந்தாள். எரிமலையின் வாய் என்றால் பின்னே எப்படி இருக்கும். இதுவோ பச்சை. விளிம்பிலிருந்து அடிவரை பச்சை, ஒரு ஊரையே தூக்கி உள்ளே வைத்துவிட்டு மூடியும் போட்டுவிடலாம் போல அகலம், சுவரெல்லாம் செடியும் பாசியுமாக, அடியில் கொஞ்சம் சதுப்பும் அதற்கு நடுவே குழந்தை மண்ணைக் குவித்த மாதிரி ஒரு சின்ன மேடும். லிஸ்பனில் நர்ஸாக இருக்கிற மகள் பிளாவியா டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பும்போதே சொல்லியிருந்தாள், லிஸ்பனுக்கு மேற்கே நடுக்கடலில் கிடக்கிற இந்த ஃபயால் தீவுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்துக்குக் கால்தெய்ரா என்று பேர், அப்படியென்றால் கொப்பரை. தெக்லாவுக்கு உடனே அசனக் கொப்பரைதான் ஞாபகம் வந்தது, கோவில் திருவிழாவில் ஊருக்கே சோறு போடுவதற்கு ஏற்றுகிற பெரிய கொப்பரை, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கழுவிக் கவிழ்க்காமல் விட்டு மழைத்தண்ணீர் தேங்கிப் புல் முளைத்த மாதிரி. இதைத் தஸ்நேவிஸிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் குனிந்து சூ கயிறைக் கட்டிக்கொண்டிருந்தார். சரி, கட்டி முடிக்கட்டும். அவர் கட்டி முடிப்பதற்குள் அவளுக்குச் சொல்ல வந்தது ஆறிப்போய்விட்டது, காலையில் வந்த செய்தி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் ஹோட்டலில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் சிணுங்கியது. மும்பை ஏஜென்ட். ஒரு சரக்குக் கப்பல், ஒன்பது மாசக் கான்ட்ராக்ட், தலைமைச் சமையல்காரர் வேலை, பழைய ஆள் வேண்டுமென்று கேப்டன் இவர் பேரைச் சொல்லிக் கேட்கிறாராம், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம், மாசக் கடைசிக்குள் ஏற வேண்டுமாம். மாசக் கடைசியில்தான் ஊரில் பனிமய மாதா கோவிலில் திருவிழாக் கொடி ஏறும். தஸ்நேவிஸ் வானிலைச் செய்தி வாசிக்கிற குரலில் அதை முழுக்க வாசித்தார். வாசித்துவிட்டு, “பாப்போம்” என்றார். அப்புறம், “அந்த வெண்ணெய இங்கிட்டு தள்ளு” என்றார். அவள் தள்ளினாள். அவ்வளவுதான் பேச்சு. ஏஜென்ட் அவரைக் கேட்டான், அவர் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இது என்ன புதுசா, இதற்கு முன்னால் எந்தக் கான்ட்ராக்டுக்காவது அவளைக் கேட்டிருக்கிறாரா, அவள்தான் எந்தக் கான்ட்ராக்டுக்காவது வேண்டாம் என்றிருக்கிறாளா. அப்போதெல்லாம் வீடு கட்டின கடன், பிளாவியா படிப்பு, ஏதாவது ஒன்று இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாதபோது ஒரு மனுஷன் கடலுக்குப் போகிறான் என்றால் அவனுக்குக் கடல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அல்லது வீடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. பயமென்று ஒத்துக்கொள்வதற்கு வெட்கமாகவும் இருந்தது. சொல்ல வேண்டும், போகாதீக என்று ஒரு வார்த்தை, சாயங்காலத்துக்குள். எப்போது, எப்படி, என்ன சொல்லி ஆரம்பிப்பது. சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம், வாயில் ரொட்டி இருந்தது. டாக்ஸியில் சொல்லியிருக்கலாம், டிரைவர் இருந்தான், அவனுக்குத் தமிழ் தெரியாதுதான், இருந்தாலும்.

பாதை தொடங்கும் இடத்தில் பச்சைச் சட்டை போட்ட காவலர் ஒருத்தி நின்றாள், நடுத்தர வயது, காற்றில் சிவந்த கன்னம். அவளுடைய இங்கிலீஷும் தெக்லாவின் இங்கிலீஷைப் போலவே கூழாங்கல் மாதிரி ஒவ்வொன்றாக விழுந்ததால் இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கியது. இது பாதுகாக்கப்பட்ட இடம், பாதையை விட்டு இறங்கக் கூடாது, பள்ளத்துக்குள் போகவே கூடாது, பூப் பறிக்கக் கூடாது, ஒரு சின்னக் கல்லைக்கூட எடுத்துப் பைக்குள் போடக் கூடாது. தெக்லா இதையெல்லாம் மெச்சிக்கொண்டு தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு யாராவது விதிமுறைகளை இப்படி அழகாகச் சொன்னால் பிடிக்கும். தஸ்நேவிஸ் தன் பேரைச் சொன்னார். அந்தப் பெண் கண்ணை விரித்து, சட்டையில் குத்தியிருந்த தன் பேர்ப் பலகையைத் தொட்டுக் காட்டினாள். அதில் நெவெஸ் என்று இருந்தது. “இரண்டும் பனிமாதா பேர்” என்றாள். “எங்க ஊர் மாதாவும் அவங்கதான்” என்றார் அவர். பூமியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தெக்லா டப்பாவைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரி மக்ரூனை நீட்டினாள். அந்தப் பெண் ஒன்றை வாயில் போட்டு, அது பஞ்சாகக் கரைவதைக் கண்ணை மூடி அனுபவித்து, இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். தெக்லாவுக்கு அவளை நிரம்பப் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது அவள் வானத்தைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். “இங்கே மேகம் சொல்லாமல் வரும். வந்தால் முன்னால் பின்னால் ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டாம். நின்றுவிடுங்கள். ஒருவர் பேரை ஒருவர் சத்தமாகக் கூப்பிடுங்கள்.” தஸ்நேவிஸ் சரி என்று தொப்பியைத் தொட்டார். தெக்லா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பாதை ஒற்றையடிப் பாதை. இடது கைப் பக்கம் பள்ளம், வலது கைப் பக்கம் நீல நீலமாகப் பந்து பந்தாகப் பூத்த செடிகளின் வேலி, அதற்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்கிற சரிவு, சரிவுக்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் இன்னொரு தீவின் மலை, தலையில் துவாலை கட்டின மாதிரி மேகத்தோடு. அந்த மலையைத்தான் அவர் முன்பு ஒருதரம் கப்பலிலிருந்து பார்த்தாராம், உடம்பு சரியில்லாத ஒரு பையனை இறக்கிவிட வந்து ஒரு ராத்திரி துறைமுகத்துக்கு வெளியே நின்றபோது. கரையில விளக்கெல்லாம் எரிஞ்சுச்சு தெக்லா, இறங்கத்தான் முடியல, உன்ன ஒரு நாள் கூட்டிட்டு வாரேன் என்று போனில் சொன்னார். எத்தனையோ துறைமுகத்துக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார், இது ஒன்றுதான் நடந்தது, ஒன்றாவது நடந்ததே. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் சந்தேகமே இல்லை, காலுக்குப் புதுக் கான்வாஸ் சூ மெத்தென்று இருக்கிறது, காற்று உப்பாக இருந்தாலும் ஊர் உப்பளக் காற்றைப் போல எரிக்காமல் குளுகுளுவென்று இருக்கிறது, புருஷன் கண்ணுக்கு முன்னால் நடக்கிறார். இந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் அந்த ஒரு வார்த்தை, செருப்புக்குள் போன மணல் மாதிரி. சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அவர் முன்னால் போகிறார், அவள் பின்னால் வருகிறாள், பின்னாலிருந்து எப்படிச் சொல்வது. அதுவும் போகிறதைப் பற்றி. முதலில் அவருக்கு முன்னால் போய்விட வேண்டும், போய்த் திரும்பி முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பாதை விடவில்லை. அவர் சூ கயிறு கட்டக் குனிகிறபோது முந்திவிடலாம் என்று பார்த்தாள், இன்றைக்கு இரண்டாவது தடவையாகக் குனிந்துவிட்டார், ஆனால் மனுஷன் பாதையை அடைத்துக்கொண்டல்லவா குனிகிறார். கப்பல்காரனுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாதா என்று அவள் எத்தனை வருஷமாகக் கேலி செய்கிறாள். வீட்டிலும் இதே கதைதான், கிளம்புகிற அன்றைக்கு எல்லாம் எடுத்து வைத்து, ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும், இவர் படியில் உட்கார்ந்து சூ கயிறு கட்டுவார் கட்டுவார் கட்டிக்கொண்டே இருப்பார். அடுப்படியில் முதுகைத் திருப்பி நிற்கிற அவளுக்கு அந்த நேரம்தான் தாங்காது. சீக்கிரம் போய்த் தொலைந்தால் அழவாவது செய்யலாம்.

மூக்குக் கண்ணாடி விஷயம் ஞாபகம் வந்து அவள் தனக்குள் சிரித்தாள். பிளாவியாவுக்கு அப்போது பால் பல் விழுகிற வயசு. அவர் படியிறங்கி ஆட்டோவில் ஏறின சத்தம் கேட்டு, தெக்லா அடுப்படியிலிருந்து வெளியே வந்தால் டிவிக்கு மேலே கண்ணாடிக் கூடு. உள்ளே கண்ணாடி. ஆட்டோ இன்னும் தெரு முனையைத் தாண்டவில்லை. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். தெக்லா டீச்சர் சத்தம் கொடுத்தால் மைதானத்தின் அந்தக் கடைசியில் அடித்துக்கொண்டிருக்கிற பையன்கள் அப்படியே உறைந்து நிற்பார்கள், ரோட்டில் போகிற சம்பந்தமில்லாத சைக்கிள்காரன்கூட இறங்கிவிடுவான். அந்தத் தெக்லா டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பின்வாசல் வழியாக ஓடினாள். பின்னாலிருந்து கூப்பிடத்தானே கூடாது, முன்னால் போய் மறித்தால் தப்பில்லையே. ஐஸ் ஃபேக்டரிச் சந்துக்குள் புகுந்து, மீன் தண்ணீரில் வழுக்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி பெரிய ரோட்டில் ஏறி ஆட்டோ வரும் என்று நின்றாள். ஆட்டோ வேறு பக்கம் திரும்பிப் போயே விட்டது. கையில் கண்ணாடியோடு அவள் நின்ற கோலத்தைப் பார்த்து ஐஸ் ஃபேக்டரி ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அவர் அந்தத் தடவை முழுக்கச் செத்துப்போன ஏதோ ஒரு எலெக்ட்ரீஷியனுடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிளகாய்ப் பொடிக்கும் பட்டைப் பொடிக்கும் வித்தியாசம் தெரியாமல் சமைத்ததாகத் திரும்பி வந்து சொன்னார். எலெக்ட்ரீஷியன் சாகவில்லை, ஊருக்குத்தான் போயிருந்தான், அவர் கதையில் யாராவது ஒருவர் செத்தால்தான் அவருக்குத் திருப்தி. கதையை முடித்துவிட்டு அவளைப் பார்த்து, “ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருப்பேம்லா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகும் அவள் சத்தம் கொடுத்ததில்லை.

கடைசிக் கப்பலை விட்டு வந்து அவர் வீட்டில் இருந்த இந்தப் பதினோரு மாசத்தை எடுத்துக்கொண்டால், பிடித்திருந்ததா என்றால், முதல் இரண்டு மாசம் சத்தியமாகப் பிடிக்கவில்லை. தனியாக இருந்து பழகின வீடு. கட்டிலில் குறுக்காகப் படுப்பாள், ரேடியோவைப் பாட விட்டுவிட்டுத் தூங்குவாள், பழைய சோறுதான் ராத்திரிக்கு என்றால் பழைய சோறுதான். இவர் வந்து எல்லாவற்றையும் கப்பலாக்கினார். விடியுமுன்னே எழுந்து பாத்திரத்தை உருட்டுவார். அலமாரியில் அசைகிற சாமானுக்கெல்லாம் அட்டையை மடித்துச் சொருகினார், வீடு என்ன ஆடவா போகிறது. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் ஈரத் துணி விரிப்பார், கப்பல் சாய்ந்தால் தட்டு வழுக்காமல் இருப்பதற்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கேன் என்று இறங்கி, கப்பல் கணக்கிலேயே வடித்துவிட்டு, பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, கோவில் வேலையாள் வரைக்கும் கொடுத்தும் மிச்சம். அவள் நாலு நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை, அவர் கடைக்குப் போயிருந்தபோது அவளே மேசையில் ஈரத்துணியை விரித்துவிட்டு நின்றாள். விரித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று பார்த்தாள். துணியில்லாத மேசை என்னவோ போல இருந்தது. அன்றைக்கு அவர் கடையிலிருந்து வர நேரமாயிற்று, அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள், கடைக்குப் போனவருக்காக. கடலுக்குப் போனபோதெல்லாம் அப்படி நடந்ததில்லை, அப்போது நடந்து என்ன ஆகப்போகிறது என்று மனசை ஒரு ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். உலகமே அடைபட்டுக் கிடந்த நோய்க் காலத்தில் எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கப்பலிலேயே அவரை அடைத்து வைத்திருந்தபோதுகூட அந்த ஆணி தாங்கியது. இப்போது ஆணி இல்லை, எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மறுபடி மாட்டு என்றால் எங்கே மாட்டுவது. இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லி, அவர் நின்றுவிட்டால், நின்ற பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அந்தப் பெருமூச்சு யார் கணக்கில். அவள் கணக்கில்தான். சொல்லாமல் விட்டு, அவர் போய், ஒரு நாள் போன் அடித்து, அந்தப் பக்கம் தெரியாத குரல் பேசினால். அதுவும் அவள் கணக்கில்தான். சொன்னாலும் வம்பு சொல்லாவிட்டாலும் வம்பு என்று ஆன பிறகு சொல்லிவிட்டே வம்பில் மாட்டலாமே. சரி, அந்த வளைவில் பாதை அகலமாக இருந்தால் முந்திவிடுவோம். வளைவு வந்தது. பாதை இன்னும் ஒடுங்கியது.

பூ வேலியின் நீலம் மங்குகிற மாதிரி இருந்தது, வெயில் போயிருக்கும் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால் எதிர் விளிம்பைக் காணவில்லை. பள்ளத்தின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று, பால் பொங்கி வருவதைப் போல அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. சின்ன மேடு போயிற்று. சதுப்பு போயிற்று. சுவரில் இருந்த செடிகள் ஒவ்வொரு வரிசையாகப் போயின. தெக்லாவுக்கு முதலில் அது அழகாகத்தான் இருந்தது, அசனக் கொப்பரையில் சோறு பொங்கிவிட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தாள். அவருடைய தொப்பி தெரிந்தது, தோள் தெரிந்தது, அந்த இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதை இன்றைக்குத்தான் கவனித்திருந்தாள், மூட்டை தூக்கி இறங்கினதோ வயசால் இறங்கினதோ, அதையும் மேகம் எடுத்துக்கொண்டது. ஈரமான வெள்ளை. கையை நீட்டினால் கை தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவள் நின்றாள். காவலர் பெண் நிற்கத்தானே சொன்னாள். அவர் நிற்கவில்லை. கரித்தூள் போன்ற அந்த எரிமலைச் சரளையில் அவர் காலடி நறநறவென்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு அது நின்றது. சூ அடி தரையில் தேய்கிற சத்தம், குனிகிறபோது வருகிற சின்ன முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். இது அடுப்படி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்ற அதே இடம், படியில் அவர் குனிந்து உட்கார்ந்திருக்கிற அதே நீண்ட நேரம். இப்போது எழுந்துகொள்வார். எழுந்துகொண்டு போவார். ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும். காலையில் அவளுடைய பையின் வார் அறுந்தபோது ஒற்றைக் கையால் ஒரு சுண்டு சுண்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாரே, மறு கையில் காப்பி இருந்ததே. சரளை நறநறத்தது. எழுந்துவிட்டார். ஓர் எட்டு. இன்னோர் எட்டு. அவருக்கு முன்னால் போய் மறிக்க இங்கே ஐஸ் ஃபேக்டரிச் சந்து கிடையாது, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பூ, நடுவில் இந்த ஒற்றையடிப் பாதையும் அவளும். கூப்பிட்டால் காரியம் கெடும். மாதாவே, கெட்டுத்தான் போகட்டுமே.

“இங்க பாருங்க” என்று கத்தினாள். போதவில்லை. “தஸ்நேவிஸு” என்று கத்தினாள், பேர் சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக, மைதானத்தின் கடைசிப் பையனுக்குக் கேட்கிற குரலில். “போகாதீக.”

அந்தச் சத்தம் பள்ளத்துக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாரோ ஒரு கண்டிப்பான டீச்சருடைய குரலில் திரும்பி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு பதில் சொன்னது. சரளைச் சத்தம் நின்றது. பிறகு அது வேறு மாதிரி கேட்டது, கிட்டே வருகிற மாதிரி. முதலில் தொப்பி, அப்புறம் முகம். சிரிப்பை அடக்கத் தெரியாத முகம்தான், ஆனால் இப்போது சிரிக்கவில்லை.

“என்னட்டி?”

“அந்தக் கப்பலுக்குப் போகாதீக” என்றாள். அவ்வளவுதான் வந்தது. ஆணி, ஈரத்துணி, பெருமூச்சு என்று காலையிலிருந்து கோத்து வைத்த எதுவும் வரவில்லை.

தஸ்நேவிஸ் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாதையோரம் இருந்த பாறையில் உட்கார்ந்து கையை நீட்டினார். “தண்ணி குடு.” பின்னாலிருந்து கூப்பிட்டால் உட்கார வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம் எழுந்து போக வேண்டும். முறையை அவரும் விடமாட்டார் போலிருக்கிறது. பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள், மூடி திறக்க வரவில்லை, அவர் வாங்கித் திறந்து குடித்தார். ஒரு வாய். இன்னொரு வாய். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் அவருடைய காலைப் பார்த்தாள். இரண்டு சூவிலும் கயிறு கச்சிதமாக, இரட்டை முடிச்சாக, பனி ஈரத்தில் கல்லாய் இறுகிக் கிடந்தது. காலையில் போட்ட முடிச்சு.

“கயிறு அவுறவே இல்லையே.”

“அவுறல.”

“பின்ன எதுக்கு நாலு எட்டுக்கு ஒரு தடவ குனியுதீக?”

அவர் பாட்டிலை மூடி, அதைக் கையில் வைத்து உருட்டினார். “வீட்லயும் அவுந்தது கிடையாது தெக்லா” என்றார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு கிளம்பலாக, படியில் அவர் குனிந்து உட்கார்ந்த ஒவ்வொரு நேரமாக, வாசலில் உறுமின ஒவ்வொரு ஆட்டோவாக. அந்தப் பக்கம் அவர் காதைத் தீட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் அழுதாள், அழுகையோடு சிரிப்பும் வந்தது, அதனால் மூக்கும் வழிந்தது, துடைக்கத் துப்பட்டாவின் எந்த முனையும் காய்ந்திருக்கவில்லை.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா” என்றாள்.

“கேட்டா நீ போங்கன்னு சொல்லிருவியோன்னு இருந்துச்சு.” அவர் பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

மேகம் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது, கன்னத்தில் ஈரத் துணியால் ஒற்றுகிற மாதிரி. கீழே எங்கேயோ ஒரு பறவை கத்தியது. பாறையில் இடம் இருந்தது, அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மக்ரூன் காற்றுப்பட்டு நமுத்துப்போயிருந்தது, அவர் அதைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

“ஏஜென்ட்ட என்ன சொல்லப் போறீக?”

“கீழ போனாத்தான் சிக்னல் கிடைக்கும். பின்னாலருந்து கூப்பிட்டுட்டாக, வர முடியாதுன்னு சொல்லுதேன்.”

“அவனுக்கு என்ன விளங்கும்?”

“விளங்காது” என்றார் சந்தோஷமாக. பிறகு குனிந்தார். ஒரு சுண்டு, ஒரு முடிச்சு. இன்னொரு சுண்டு. இரண்டு சூவையும் கழற்றி, சாக்சையும் உருவி அதற்குள் திணித்து, காலை நீட்டி விரல்களை அசைத்துப் பார்த்தார். எதிர் விளிம்பில் பச்சையாக ஒரு கோடு தெரிய ஆரம்பித்திருந்தது. தெக்லா அந்தச் சூ ஜோடியை எடுத்தாள், பாதையை அடைக்காமல் ஓரமாக, குதிகால் இரண்டும் சேர்ந்திருக்கும்படி, வீடு வந்து சேர்ந்தவருடையதை வாசலில் உள்பக்கம் பார்த்து வைப்பதுபோல வைத்தாள்.